கதவு திறக்கும் கோல்கீப்பர்

எங்கள் கல்லூரி வருடத்துக்கொரு புத்தகம் போடும். பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாறு என்று அட்டையில் இருக்கும். உள்ளே வரலாறும் இல்லை, பூகோளமும் இல்லை. பக்கம் பக்கமாக எண்கள்தான். கடைசியில் கோல்கீப்பர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. கல்லூரிக்காக ஒரு விநாடியாவது கோல் முன்னால் நின்றவளுக்கு அங்கே ஒரு வரி கிடைக்கும். நிற்காதவள் எத்தனை வருடம் இங்கே வியர்வை சிந்தியிருந்தாலும், அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அவள் பிறக்கவே இல்லை.

டானிகா வுகெலிச் நான்கு வருடம் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தாள்.

நான் பெவ் லாமி. அணியின் சாமான் அறை என் ராஜ்ஜியம். பத்தொன்பது வருடமாக ஸ்கேட் கத்தி தீட்டுகிறேன், மட்டைகளை அடுக்குகிறேன், நாற்றம் பிடித்த உடுப்புகளைத் துவைக்கிறேன். ஆட்டத்தின்போது உடைந்த மட்டைக்கு மாற்று மட்டை கொடுக்க பெஞ்சுக்குப் பின்னால் நிற்பேன். ஹாக்கி பற்றி என்னை யாரும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. ஆனால் அழுக்குத் துணி எடுக்க வருபவளை யாரும் ஆளாகவே மதிப்பதில்லை என்பதால், அணியில் எனக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

டானிகா எங்களூரிலிருந்து நாற்பது மைல் வடக்கே, இரும்புச் சுரங்கப் பக்கத்துப் பெண். அப்பா மிலன் சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு இருக்கும் லாரி ஓட்டுகிறவர். அவளுடைய பள்ளி அணி வாராவாரம் தோற்கும் அணி. ஒரு ஆட்டத்தில் அறுபத்தோரு அடியைத் தடுத்து, இரண்டைக் கோட்டை விட்டு, தோற்றாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கோச் ரோக்சான் கீப்லர் அவளைக் கூப்பிட்டார். அதே வருடம், அதே கோச், தெற்கே நகரத்துப் புறத்திலிருந்து மேரன் டால்க்விஸ்ட் என்ற இன்னொரு கோல்கீப்பரையும் கூப்பிட்டார். மேரன் நெட்டை. கை கால் நான்கும் நான்கு பக்கம் போகும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் பக் என்கிற அந்த ரப்பர் வட்டு அவள் மேல்தான் வந்து விழும். பொய் சொல்ல மாட்டேன், டானிகாவைவிட மேரன் நல்ல கோல்கீப்பர். அது டானிகாவுக்கும் தெரியும். வேறு ஒருத்தியாக இருந்தால் மேரனை வெறுத்திருப்பாள். இவளோ நாள் முழுக்க அவளோடு சேர்ந்து பயிற்சி செய்தாள்.

மற்ற கல்லூரிகளில் வெள்ளிக்கிழமை ஒருத்தி, சனிக்கிழமை இன்னொருத்தி என்று கோலில் நிறுத்துவார்கள். எங்கள் கோச் அப்படியல்ல. ஜெயித்த நாளில் தன் கழுத்தில் கட்டியிருந்த பச்சைத் துண்டைத் தோற்கும்வரை துவைக்கக் கூடாது என்று என்னிடமே உத்தரவு போட்டவர் அவர். ஜெயித்த கோல்கீப்பரை மாற்றுவாரா? இலவு காத்த கிளி என்பார்களே, அது டானிகாதான். ஒரே வித்தியாசம், கிளிக்குப் பதினெட்டு கிலோ உடுப்பு கிடையாது.

அவள் ஒவ்வொரு வியாழனும் ஸ்கேட்டைத் தீட்டக் கொண்டு வருவாள். பயிற்சியோடு நிற்கும் கத்தி வாராவாரம் மழுங்காது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் தீட்டிக் கொடுப்பேன். மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு நாள், இயந்திரம் நின்றதும், கேட்காமலேயே சொன்னாள்.

“பெரிய ஆசையெல்லாம் இல்ல பெவ். அந்தப் புஸ்தகத்துல ஒரே ஒரு வரி. எங்கப்பா அதைக் கொண்டுபோய் சுரங்கத்துல எல்லாருக்கும் காட்டணும். அவ்வளவுதான்.”

நான்காம் வருடம் தொடங்கியபோது கோச் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் அரங்கத்தில் கடைசி லீக் ஆட்டம், விடைபெறும் நாள். அன்றைக்குக் கடைசி வருடப் பெண்கள் பெற்றோரோடு பனியில் நடந்து பூக்கொத்து வாங்குவார்கள், அவர்களே ஆட்டத்தையும் தொடங்குவார்கள். அதுதான் வழக்கம். வுகிதான் அன்றைக்குக் கோலில் என்றார் கோச். வுகி என்பது டானிகா. எங்கள் அணியில் யார் பெயரையும் முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. மிலன் அக்டோபர் மாதமே அந்தச் சனிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டார்.

அந்த வருடம் முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. ஆறாவது ஆட்டத்தில்தான் கதவு கதைக்குள் வருகிறது.

ஹாக்கியில் முக்கால் நிமிடத்துக்கு மேல் யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. களைத்தவள் பெஞ்சுக்கு வர, புதியவள் வெளியே போவாள். தடுப்பாட்டக்காரிகள் போய்வர ஒரு கதவு இருக்கிறது. எங்கள் அரங்கத்தின் கதவு என்னைப்போலவே வயதானது, என்னைப்போலவே ஈரத்தில் உப்பிப்போனது. இடது முட்டியால் தாழ்ப்பாளை மேலே தூக்கிக்கொண்டே கையால் இழுத்தால்தான் திறக்கும். ஸ்கேட் போட்ட உயரத்தில் முட்டி சரியாகத் தாழ்ப்பாளுக்கு அடியில் வரும். பழுது பார்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. அதுவரை முதல் வருடப் பெண் ஒருத்திதான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலை நசுக்கிக்கொண்டு அழுததும், சும்மா உட்கார்ந்திருந்த டானிகா அந்த இடத்துக்கு வந்தாள். அன்றைக்கு ஜெயித்தோம்.

அடுத்தடுத்து ஒன்பது வெற்றி. பிறகு டானிகா காய்ச்சலில் படுத்த ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு ஐந்து என்று உதை வாங்கினோம். அவள் திரும்பி வந்தாள், வெற்றியும் திரும்பி வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று விட்டுவிட ஹாக்கிக்காரிகளுக்கு மனசு வராது. பனம்பழம் விழுந்தால் அந்தக் காக்கையைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுவார்கள். உள்ளே வருகிறவள் எல்லாம் அவள் கால் பட்டையை மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். மாணவர்கள் அட்டையில் கதவு செய்து கொண்டுவந்து ஆட்டினார்கள். இப்போது பழுது பார்க்கிறோம் என்று அலுவலகம் ஆள் அனுப்பியபோது, அந்தத் தாழ்ப்பாளை யாராவது தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று கோச் சொல்லி அனுப்பினார்.

டானிகா மட்டும்தான் சிரித்தாள். “நாலு வருஷம் படிச்சு வாட்ச்மேன் ஆயிட்டேன் பெவ்,” என்றாள்.

பின்னால் நின்ற எனக்குத்தான் அங்கே நடந்தது தெரியும். அவள் கதவை மட்டும் திறக்கவில்லை. வெளியே போகிறவளின் தோளைப் பிடித்து, “அவங்க கோல்கீப்பர் இடது காலை லேட்டா வைக்கிறா, கீழ அடி,” என்பாள். “பதினாலாம் நம்பர் களைச்சுட்டா, அவ பக்கம் போ,” என்பாள். உள்ளே வர வேண்டியவளை அவளே பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நான்கு வருடம் வேறு வேலை இல்லாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அப்படித்தான் ஆகும். அவள் சொன்னபடி கீழே அடித்துக் கோல் போட்டவர்கள், திரும்பி வந்து கதவைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

விடைபெறும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, உடை மாற்றும் அறையில் கோச் கூட்டம் போட்டார். நான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஜெயித்தால் லீகில் முதலிடம், அடுத்த சுற்றும் எங்கள் அரங்கத்திலேயே நடக்கும். இன்னொன்றும் இருந்தது. கோல் விடாத ஆட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே கோல்கீப்பர் முதலிலிருந்து கடைசி விநாடிவரை நின்று ஒன்றுகூட விடாமல் முடித்தால்தான் அது அவள் பெயரில் ஏறும். மேரனிடம் பதினெட்டு. கல்லூரியின் சாதனையும் பதினெட்டு, பதினோரு வருடம் பழையது. இன்னும் ஒன்று வந்தால் மேரன் தனியாக உச்சியில்.

கோச் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“வுகி, உனக்கு வாக்குக் குடுத்தேன், இல்லேங்கல. ஆனா இப்ப அந்தக் கதவை விட்டு உன்னை எப்படி எழுப்புறது, நீயே சொல்லு. அணிக்கு உன்னை மாதிரி முக்கியமான ஆளு வேற இல்ல.”

முக்கியமான ஆள் என்பதால் ஆட வேண்டாம். இதைவிட நேர்த்தியாக ஒருத்தியை யாரும் உட்கார வைத்ததில்லை. மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். மேரன் மட்டும் தன் கையுறைக்குள் என்னவோ தேடிக்கொண்டிருந்தாள்.

“கடைசி அஞ்சு நிமிஷம்?” என்றாள் டானிகா.

“நாலு கோல் முன்னால இருந்தா பார்க்கலாம்.”

“சரி கோச்.”

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் பச்சைத் துண்டைக் கொதிக்கக் கொதிக்கத் துவைத்துப் போட்டிருப்பேன், டானிகாவே அமைதியாக இருந்ததால் விட்டுவிட்டேன். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்கு மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஆட்டத்துக்கு மிலன் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். வீட்டில் சுட்ட பொட்டீட்சா நான்கு கொண்டுவந்தார். வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். மகளோடு பனியில் நடந்தார், பூக்கொத்தை இரும்புக் கம்பி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். பிறகு முதல் முறையாகக் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான்கு வருடமாக அவர் உட்காருவது பெஞ்சுக்குப் பின்னால், மகளின் முதுகு தெரியும் இடம். ஆட்டம் தொடங்கியது. கோலுக்கு வந்தது மேரன்.  முதல் இடைவேளையில் மிலன் எழுந்து, லாரி ஓட்டிக் கெட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து, பழைய இடத்துக்கே வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மட்டைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. வந்த அணி பாவம், ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தது. டானிகா கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓதிக்கொண்டிருந்தாள், எங்கள் பெண்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பகுதியான மூன்றாவதில் ஐந்துக்குப் பூஜ்யம். ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தபோது டானிகா முகமூடியைக் கையில் எடுத்தாள். கோச் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான்கு நிமிடம். கோச் பனியையே பார்த்தார். சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரி கொடுக்கவில்லை. டானிகா முகமூடியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்தவளுக்குக் கதவைத் திறந்தாள். 

மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது ஆட்டம் ஏதோ ஒரு விசிலில் நின்றது. மேரன் கோலை விட்டு பெஞ்சுக்கு வந்தாள். உட்கார்ந்து இடது ஸ்கேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“கத்தி ஆடுது பெவ். கொஞ்சம் பாருங்க.”

நான் ஆட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நானே முடுக்கிய கத்தி, பாறைபோல நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள். வெளியே வந்த அந்த நிமிடமே பத்தொன்பதாவது அவள் பெயரில் ஏறாது என்பது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

“ஐயோ, ரொம்ப ஆடுது,” என்றேன். “அஞ்சு நிமிஷமாவது ஆகும்.”

பத்தொன்பது வருடத்தில் கோச்சிடம் நான் சொன்ன முதல் ஹாக்கிக் கருத்து அது. நடுவர் அவசரப்படுத்தினார், கோல்கீப்பருக்காக ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது என்றார். கோச் என்னைப் பார்த்தார், மேரனைப் பார்த்தார், காலுறையோடு தொங்கிய அந்தக் காலைப் பார்த்தார். பிறகு, வாந்தி எடுக்கிறவர்போல, “வுகி,” என்றார்.

டானிகா போனாள். கோல் கம்பிகள் இரண்டையும் மட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். பலகையில் இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. மேலே திரும்பிப் பார்த்தேன், மிலன் எழுந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் காலையும் மிதித்துக்கொண்டு, அரங்கத்தைச் சுற்றிக் கோலுக்குப் பின்னால் போகப் புறப்பட்டார்.

கதவில் இப்போது யார்? விரல் நசுங்கிய பெண் மாட்டேன் என்றாள். மேரன் தானே போய் உட்கார்ந்தாள். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசுக்கு இடது காலில் ஸ்கேட் இல்லை. களைத்த தடுப்பாட்டக்காரி ஒருத்தி கதவுக்கு வந்தாள். மேரன் முட்டியைத் தூக்கினாள். முட்டி தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழேயே நின்றது. இழுத்தாள். கதவு வரவில்லை. வெளியே இருப்பவள் உள்ளே வர முடியாமல் கதவைக் குத்தினாள், உள்ளே இருப்பவள் வெளியே போக முடியாமல் கத்தினாள். அங்கே, காலியாகக் கிடந்த பக்கத்தில், எதிரணிப் பெண்கள் மூன்று பேர் சாவகாசமாக டானிகாவை நோக்கிப் போனார்கள். எதிரே எங்கள் ஆள் ஒருத்திதான். பக் இடமிருந்து வலம் போய் உள்ளே விழுந்தது. உலகத்தில் எந்தக் கோல்கீப்பரும் அதைத் தடுத்திருக்க மாட்டாள். அதன் பிறகு முடியும்வரை ஒருத்திகூடக் கோலைப் பார்த்து அடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து சங்கு ஊதியபோதுதான் மிலன் கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். டானிகா திரும்பி அவரைப் பார்த்து, கையுறையை உயர்த்தினாள். சிரித்தாள், அது ஒரு கோல் வாங்கியவளின் சிரிப்பாகவே இல்லை. சாமான் அறைக்குத் திரும்பும் வழியில் அவரைக் கேட்டேன், அங்கே போய் ஒன்றும் பார்க்கவில்லையே, வருத்தமில்லையா என்று.

“அங்கயும் முதுகுதான் தெரிஞ்சுது,” என்றார். “ஆனா இது கோலுக்கு முன்னால நின்ன முதுகு.” ஒரு முழு பொட்டீட்சாவை என் கையில் வைத்தார்.

அடுத்த சுற்றுக் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ராசி போய்விட்டது என்று அணி முடிவு செய்தது. திங்கட்கிழமையே கோச் ஆளைக் கூப்பிட்டுக் கதவை மாற்றினார். புதுத் தாழ்ப்பாள், சுண்டுவிரலால் தொட்டால் திறக்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால் பழையபடி முதல் வருடப் பெண்ணை அங்கே போட்டு, டானிகாவைப் பெஞ்சின் கடைக்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கதவு வெண்ணெய்போலத் திறந்தது, நாங்கள் நான்குக்கு ஒன்று என்று தோற்றோம், வருடம் முடிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பெண்கள் புதுத் தாழ்ப்பாளைத் திட்டினார்கள், பழையதைத் தேடிக் குப்பைத் தொட்டியையும் கிளறினார்கள். மேரனின் கணக்கு பதினெட்டிலேயே நின்றது.

டானிகா இப்போது அப்பாவின் சுரங்கத்திலேயே வேலை பார்க்கிறாள். மேலே ஒரு அறையில் உட்கார்ந்து, எந்த லாரி எப்போது போக வேண்டும், எது வந்து நிற்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் வேலை. மிலனின் லாரியும் அவள் சொல்லுக்குத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் அணிக்கு ஆடுகிறாள். அங்கே கோல்கீப்பர் அவள் ஒருத்திதான். காய்ச்சல் என்றாலும் விட மாட்டார்கள்.

செப்டம்பரில் புத்தகம் வந்தது. ஸ்கேட் தீட்ட அவள் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். முதலில் நானே பார்த்துவிட்டதால் கொடுக்கத் தயக்கமாக இருந்தது. ஒரு ஆட்டம், 2:38, வாங்கிய கோல் ஒன்று, தடுத்தது பூஜ்யம். முழு ஆட்டத்துக்கு இதே வேகத்தில் போனால் எத்தனை வாங்குவாள் என்று ஒரு சராசரி போடுவார்கள்: 22.78. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இதைவிட மோசமான எண் அந்தப் பக்கத்தில் இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“இதுலயும் ஒரு சாதனை வச்சுட்டேனா? அப்பா ஃப்ரேம் போட்டு மாட்டிடுவாரு.”

“ஒரு வரிதான் குடுத்திருக்காங்க,” என்றேன்.

“கேட்டதே அதுதானே பெவ்.”

பிறகு அவள் விரல் ஒரு வரி மேலே போனது. சேர்ந்த வருடப்படி அடுக்கியிருப்பதால் அவளுக்கு நேர் மேலே மேரன். கோல் விடாத ஆட்டம், பதினெட்டு. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். இன்னொருத்தியோடு பகிர்ந்துகொண்ட சாதனை என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

“அன்னைக்கு அவ கத்தி நெஜமாவே ஆடுச்சா?”

இயந்திரத்தை ஓடவிட்டேன். அவள் கையிலிருந்து ஸ்கேட்டை வாங்கினேன்.

“ஆடுச்சு. பால் பல்லு மாதிரி ஆடுச்சு.”

 நான் இரண்டு கத்தியையும் தீட்டி, துடைத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக் கொடுக்கும்வரை காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“மேரனோட விலாசம் இருக்கா பெவ்? அப்பாவை பொட்டீட்சா சுடச் சொல்லணும்.”

எழுதிக் கொடுத்தேன்.